நீர்த்தேக்கக் கரையில் ஒரு மறைந்த கோயில்: சிங்கப்பூர்ப் பூங்காக்களில் ஒரு வரலாற்று உலா

பூமியில் பயணம் மேற்கொண்டு, முன் வாழ்ந்து மறைந்த சமுதாயங்களின் முடிவு எவ்வாறு அமைந்தது என்பதை நோக்குமாறு திருமறை நம்மைப் பலவிடங்களில் பணிக்கின்றது. திருமறை விரிவுரையாளர்கள் இதனை விளக்குங்கால் ஆது, ஸமூது கூட்டத்தாரின் பாழடைந்த இருப்பிடங்களை எடுத்துக்காட்டுவர். வகுப்பறையில் பல்லாண்டுகளாக இப்பாடத்தை நடத்தி வரும் எனக்கு, அப்பணிப்புரை நம் பாட்டனார் காலத்து நிகழ்ச்சிகளுக்கும் பொருந்தும் என்னும் எண்ணம் முன்பு தோன்றியதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூர் சென்றிருந்தபோது, அங்குள்ள நகரப் பூங்கா ஒன்றில் உலவிய ஒரு காலைப் பொழுதுதான் அதனை எனக்கு உணர்த்தியது.

என் முன்னாள் மாணவர் ஒருவர் அந்நகரில் மார்க்கப் பணி புரிந்து வருகிறார். அவருடைய அழைப்பின் பேரில் சென்றிருந்தேன். சவுத் பிரிட்ஜ் சாலையிலுள்ள ஜாமிஆ சூலியா பள்ளிவாசல், தெலுக் ஆயர் வீதியிலுள்ள நாகூர் தர்கா, டன்லப் வீதியிலுள்ள அப்துல் கபூர் பள்ளிவாசல் ஆகிய, தமிழக முஸ்லிம்களின் வரலாற்றோடு பிணைந்த இடங்களையெல்லாம் கண்டு முடித்த பின், ஒருநாள் ஃபஜ்ருத் தொழுகை முடிந்ததும், "ஹஜ்ரத், இன்று ஓர் ஏரிக்கரைக்குப் போவோம்" என்று அழைத்தார். அவர் அழைத்துச் சென்ற இடம் மெக்ரிச்சி நீர்த்தேக்கப் பூங்கா.

அணையின் கரையில்

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்தவனுக்கு ஓர் அணைக்கட்டின் கரையில் நிற்பது புதிய அனுபவமன்று. 1887இல் தொடங்கி 1895இல் நிறைவுற்ற முல்லைப்பெரியாற்று அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வந்திறங்கும் பூமி எங்களுடையது. அவ்வணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக்கின் பெயரை இன்றும் எங்கள் உழவர்கள் தம் பிள்ளைகளுக்குச் சூட்டுகின்றனர். லோயர் கேம்பில் 2013 சனவரி 15 அன்று அவருக்கு மணிமண்டபமும் திறக்கப்பட்டது.

அதே காலத்தில், அதே பேரரசின் மற்றொரு மூலையில், மற்றொரு பொறியாளர் இதே வகைப் பணியில் ஈடுபட்டிருந்தார். சிங்கப்பூரின் முதல் நீர்த்தேக்கம் 1868இல் அமைந்தது. 1883 முதல் 1895 வரை நகராட்சிப் பொறியாளராகப் பணியாற்றிய ஜேம்ஸ் மெக்ரிச்சி, 1890களில் அதனை விரிவுபடுத்தினார். 1922இல் அவர் பெயர் அதற்கு இடப்பட்டது. நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்துள்ள காடு நீர்ப்பிடிப்புப் பகுதியாகப் பாதுகாக்கப்பட்டதால், மரமடர்ந்த வனமொன்று மாநகரின் நடுவே எஞ்சியது. 1967இல் அதன் ஒரு பகுதி பொதுப் பூங்காவாக்கப்பட்டது. இன்று அங்கே குடும்பத்தினர் நடைபயில்கின்றனர். இளைஞர்கள் துடுப்புப் படகு வலிக்கின்றனர். குரங்குகள் உணவுப் பொட்டலங்களைக் குறிவைத்துக் காத்திருக்கின்றன.

கரையோரப் பலகைப் பாதையில் சிறிது தூரம் நடந்த பின், என் மாணவர் நீரின் மேற்குப் புறத்து அடர்ந்த காட்டைச் சுட்டிக்காட்டி, "அதற்குள்ளே ஒரு ஜப்பானியக் கோயில் இருந்தது" என்றார். கண்ணுக்குத் தென்பட்டது பசுமை மட்டுமே. அங்குச் செல்லப் பாதை கிடையாது. காட்டுக்குள் வழி விலகிச் செல்வதும் தடுக்கப்பட்டுள்ளது. ஆகவே நாங்கள் அவ்விடத்தை நெருங்காமல், கரையிலிருந்தவாறே அதன் வரலாற்றைப் பேசிக்கொண்டிருந்தோம். அன்று தொடங்கிய தேடலின் பயனே இக்கட்டுரை.

ஷோனான் கோயில்

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. வெல்ல முடியாத கோட்டையெனப் பிரிட்டிஷார் பறைசாற்றிய நகரம் ஒரே வாரப் போரில் சரணடைந்தது. வெற்றி பெற்றோர் நகரின் பெயரை "ஷோனான்" என மாற்றினர்; தெற்கின் ஒளி என்பது அதன் பொருள். அதே 1942ஆம் ஆண்டில், நீர்த்தேக்கக் காட்டின் மேற்குப் பகுதியில் ஷோனான் ஜிஞ்ஜா என்னும் ஷிண்டோ கோயிலை எழுப்பினர். ஜிஞ்ஜா என்பது ஷிண்டோ சமயத்தாரின் வழிபாட்டிடத்தைக் குறிக்கும் சொல். ஜப்பானிய அரச குலத்தின் மூதாதையாகக் கருதப்படும் சூரியத் தெய்வமான அமத்தெராசுவுக்கு அக்கோயில் உரியதாக்கப்பட்டது.

அதைக் கட்டியோர் பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்க்கைதிகள் ஆவர். நீரின் குறுக்கே ஒரு பாலம், அதற்கப்பால் கற்படிகள், மேலே மரத்தாலான கோயில் என அது அமைந்திருந்தது. அதைச் சுற்றிலும் மாபெரும் பூங்காவும் விளையாட்டரங்கும் அமைக்கும் திட்டமும் ஆட்சியாளரிடம் இருந்தது. நகரம் வீழ்ந்த முதலாமாண்டு நிறைவான 1943 பிப்ரவரி 15 அன்று அங்கே விழா நடைபெற்றது. படைத்தலைவர்களும், உள்ளூர்ச் சமுதாயங்களின் பிரமுகர்களும் இத்தகைய விழாக்களில் பங்கேற்றனர்.

பிப்ரவரி 15 என்னும் இந்நாள் சிங்கப்பூர் முஸ்லிம்களின் வரலாற்றில் வேறொரு நிகழ்ச்சியையும் நினைவூட்டுவது. 1915 பிப்ரவரி 15 அன்றுதான், அங்கே முகாமிட்டிருந்த ஐந்தாம் இலகு காலாட்படையின் இந்திய முஸ்லிம் வீரர்கள் பிரிட்டிஷாருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். முதல் உலகப்போரில் உஸ்மானியக் கிலாபத்துக்கு எதிராகத் தங்களை அனுப்பப் போகின்றனர் என்ற அச்சம் அக்கிளர்ச்சிக்கான காரணங்களுள் ஒன்று. கிளர்ச்சி அடக்கப்பட்டது, 47 வீரர்கள் ஊட்ரம் சாலைச் சிறையின் மதிலருகே பொதுமக்கள் காணச் சுட்டுக் கொல்லப்பட்டனர். அக்கிளர்ச்சியை ஒடுக்கப் பிரிட்டிஷாருக்குத் துணைநின்றோருள் ஜப்பானியக் கடற்படையினரும், அந்நகரில் வாழ்ந்த ஜப்பானியக் குடிமக்களும் இருந்தனர். இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின், ஆசியரை விடுவிக்க வந்தோம் என்று அதே ஜப்பானியர் அதே நகரில் அறிவித்தனர். வல்லரசுகளின் நட்பும் பகையும் எவ்வளவு நிலையற்றவை என்பதற்கு இது ஒரு சான்று.

குனிய மறுத்தோர்

ஜப்பானின் மீது முஸ்லிம் உலகம் கொண்டிருந்த மதிப்பையும் ஈண்டுக் குறிப்பிடுதல் நேர்மையாகும். 1905இல் ரஷ்யாவை ஜப்பான் வென்றபோது கெய்ரோ முதல் இஸ்தான்பூல் வரை மகிழ்ச்சி பொங்கியது. ஐரோப்பியரை வெல்ல ஆசியரால் இயலும் என்னும் நம்பிக்கையை அவ்வெற்றி ஊட்டியது. 1935இல் கோபே நகரில் இந்திய வணிகர்களும் தாத்தாரிய முஸ்லிம்களும் பொருளுதவி நல்கப் பள்ளிவாசல் எழுந்தது. 1938இல் தோக்கியோவிலும் பள்ளிவாசல் திறக்கப்பட்டது. நாடு கடந்து வாழ்ந்த ரஷ்யத் தாத்தாரிய அறிஞர் அப்துர் ரஷீத் இப்ராஹீம் அங்கே இமாமாகப் பணியாற்றினார். முஸ்லிம்களின் நல்லெண்ணத்தைப் பெற ஜப்பானிய அரசும் அந்நாளில் முயன்றது.

ஆயினும் ஆட்சி கைக்கு வந்ததும், நம் கொள்கையின் அடிவேரையே தொடும் ஒரு கோரிக்கை முன்வைக்கப்பட்டது. பொதுக்கூட்டங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் அனைவரும் தோக்கியோவிலுள்ள பேரரசரின் மாளிகையை நோக்கித் திரும்பி, இடுப்பை வளைத்துக் குனிந்து வணங்க வேண்டும் என்பதே அது. சிங்கப்பூரிலிருந்து கிப்லா மேற்குத் திசையில் உள்ளது. தோக்கியோ வடகிழக்கில் உள்ளது. அவ்வணக்கத்தின் தோற்றமோ தொழுகையின் ருகூஉவை ஒத்திருந்தது. இது நாட்டுப்பற்றின் அடையாளமா, பேரரசரைத் தெய்வமாக ஏற்கும் வழிபாடா என்னும் வினா ஆலிம்களின் முன் எழுந்தது.

மரியாதைக்கும் வழிபாட்டுக்கும் இடையிலான எல்லை ஃபிக்ஹு நூல்களில் நெடுகப் பேசப்படும் பொருள். அபிசீனிய மன்னர் நஜாஷியின் அவைக்குச் சென்ற ஜஅஃபர் பின் அபீதாலிப் (ரலி) அவர்கள், அரசவை வழக்கப்படி சிரம் பணியாமல் நின்று, அல்லாஹ்வுக்கன்றி வேறெவருக்கும் ஸஜ்தா செய்வதில்லை என விளக்கியதாக ஹதீஸ் அறிவிப்பு உண்டு. அடைக்கலம் தேடிச் சென்ற நிலையிலும் அவர்கள் அவ்வுறுதியைக் கைவிடவில்லை. நஜாஷியும் அதற்காக அவர்களைத் தண்டிக்கவில்லை.

தென்கிழக்காசியாவில் இச்சோதனை மிகக் கடுமையாக எழுந்தது ஜாவாத் தீவில். நஹ்ளத்துல் உலமா இயக்கத்தை 1926இல் தோற்றுவித்த பேரறிஞர் ஹாஷிம் அஷ்அரீ, 1942இல் இவ்வணக்கத்துக்கு இணங்க மறுத்துச் சில மாதங்கள் சிறையில் துன்புற்றார். மேற்குச் சுமத்ராவின் சீர்திருத்த அறிஞர் அப்துல் கரீம் அம்ருல்லாஹ், 1943இல் பாண்டுங் நகரில் ஜப்பானியர் கூட்டிய உலமாக்கள் கூட்டத்தில், ஏனையோர் எழுந்து குனிந்தபோது தம் இருக்கையை விட்டு எழவில்லை. புகழ்பெற்ற எழுத்தாளர் ஹம்காவின் தந்தையார் இவரே. சிங்கபர்னா என்னும் ஊரில் மத்ரஸா நடத்திய ஜைனுல் முஸ்தஃபா, 1944 பிப்ரவரி 25, வெள்ளிக்கிழமையன்று தம் மாணவர்களோடு எதிர்த்து நின்றார். ஜப்பானியப் படை அம்மக்களைச் சுட்டு வீழ்த்தியது. அவரும் பின்னர்க் கொல்லப்பட்டார்.

இவர்கள் மூவரும் ஒரே வழியைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பது கருதத்தக்கது. ஒருவர் சிறை சென்றார், ஒருவர் அமைதியாக அமர்ந்திருந்தார், ஒருவர் ஆயுதமேந்தினார். சிறை சென்ற ஹாஷிம் அஷ்அரீயே 1944இல் ஜப்பானிய ஆட்சியின் சமய அலுவலகத்துக்குத் தலைவராகப் பெயரளவில் ஒப்புக்கொண்டார். சமுதாயத்தைக் காக்க அது வேண்டியிருந்தது என்பர். இஸ்லாமியக் கூட்டங்களில் குனிவதை வற்புறுத்தும் போக்கையும் ஆட்சி நாளடைவில் தளர்த்திக்கொண்டது. பாதுகாப்பான நம் அறைகளில் அமர்ந்துகொண்டு அன்றைய ஆலிம்களை எளிதில் புகழவும் பழிக்கவும் துணிவோர், அவர்கள் நின்ற இடத்தில் ஒருகணம் தம்மை நிறுத்திப் பார்த்தல் வேண்டும்.

மூன்று அரபுச் சொற்கள்

நீர்த்தேக்கத்திலிருந்து நகர மையத்துக்குத் திரும்பினோம். கடலோரமாக அமைந்த எஸ்பிளனேடு பூங்கா சிங்கப்பூரின் பழைமையான பூங்காக்களுள் ஒன்று. அதன் ஒருபுறத்தில் அழகிய இரும்பு நீரூற்று ஒன்று நிற்கிறது. நகரின் நீர்வழங்கலை மேம்படுத்த 1857இல் 13,000 வெள்ளி வழங்கிய சீன வணிகர் டான் கிம் செங்கின் நினைவாக 1882இல் நகராட்சி அதை அமைத்தது. 1925இல் இப்பூங்காவுக்கு இடம்பெயர்ந்தது. காலையில் கண்ட நீர்த்தேக்கத்தின் தொடக்கக் கதை அந்நன்கொடையோடு பிணைந்தது என அறிந்தபோது, அந்நகரின் வரலாறு எவ்வளவு நெருக்கமாகப் பின்னப்பட்டுள்ளது என வியந்தேன்.

நீரூற்றிலிருந்து சிறிது தொலைவில், நூல் வடிவில் அமைந்த ஒரு சிறு குறிப்புப் பலகை உள்ளது. 1995இல் நிறுவப்பட்ட அப்பலகை, அவ்விடத்தில் ஒருகாலத்தில் நின்ற இந்திய தேசிய இராணுவ நினைவுத்தூணைக் குறிப்பது. அத்தூணில் பொறிக்கப்பட்டிருந்தவை மூன்று சொற்கள்: இத்திஃபாக், இஃதிமாத், குர்பானி. ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என அவற்றைப் பெயர்க்கலாம்.

உருதுவின் வழியே வந்திருப்பினும் மூன்றும் அரபு மூலங்களில் பிறந்தவை. இத்திஃபாக் என்பது நாம் அன்றாடம் துஆவில் வேண்டும் தவ்ஃபீக் என்னும் சொல்லின் உடன்பிறப்பு. பொருந்தி அமைதல் என்பது அதன் அடிப்படைப் பொருள். இஃதிமாத் என்பது தூணைக் குறிக்கும் இமாத் என்பதோடு ஒரே வேரினது. ஒன்றன்மீது சாய்ந்து தாங்கப்படுதலே அதன் உட்பொருள். குர்பானி என்பது நெருக்கத்தைச் சுட்டும் குர்ப் என்பதிலிருந்து எழுந்தது. இறைவனை நெருங்கச் செய்யும் அர்ப்பணம் அது. சர்ஃபுப் பாடத்தில் மாணவர்க்கு நான் பிரித்துக் காட்டும் வேர்ச்சொற்களை, தென்கிழக்காசியக் கடற்கரையில், சீக்கியரும் இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஒன்றாய்ச் சேர்ந்த ஒரு படையின் முழக்கமாகக் கண்டபோது நெஞ்சம் நெகிழ்ந்தது.

அப்படை உருவான கதையும் ஒரு பூங்காவில் தொடங்கியதே. நகரம் வீழ்ந்த இரண்டாம் நாளான 1942 பிப்ரவரி 17 அன்று, ஃபேரர் பூங்கா மைதானத்தில் 40,000க்கும் மேற்பட்ட இந்தியப் போர்வீரர்கள் ஒன்றுகூட்டப்பட்டு ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். அங்கே கேப்டன் மோகன் சிங் விடுத்த அழைப்பை ஏற்றுப் பலர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர், மறுத்தோரும் பலர். 1943 சூலையில் சுபாஷ் சந்திர போஸ் தலைமையேற்றார். அம்மாதம் 5ஆம் நாள், எஸ்பிளனேடை அடுத்துள்ள பாடாங் திடலில் அப்படையின் அணிவகுப்பு நிகழ்ந்தது. மறுநாள் ஜப்பானியப் பிரதமர் தோஜோவே அங்கு வந்து பார்வையிட்டார். அக்டோபர் 21 அன்று சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசு சிங்கப்பூரில் அறிவிக்கப்பட்டது.

அவ்வரசில் முஸ்லிம்களின் பங்கு சிறியதன்று. ஷா நவாஸ் கான், முஹம்மது ஸமான் கியானி, அஸீஸ் அஹ்மது, இஹ்ஸான் காதிர் ஆகிய படைத்தலைவர்கள் அதில் உறுப்பினராயிருந்தனர். ஜெர்மனியிலிருந்து போஸ் மேற்கொண்ட நீர்மூழ்கிக் கப்பல் பயணத்தில் உடன்வந்த ஒரே இந்தியர் ஹைதராபாத்தைச் சேர்ந்த ஆபித் ஹஸன். ஜெய்ஹிந்த் என்னும் வாழ்த்துச் சொல்லும் அவர் தந்ததே. போஸின் இறுதி விமானப் பயணத்தில் உடனிருந்தவர் ஹபீபுர் ரஹ்மான். ஆலோசகர்களுள் ஒருவராகப் பர்மாவில் அரசியல் பணியாற்றிய தமிழ் முஸ்லிம் பத்திரிகையாளர் கரீம் கனி இடம்பெற்றார். மலேயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ் ஆண்களும், ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த தமிழ்ப் பெண்களும் அப்படையின் பெருவலிமையாயினர். 1943 செப்டம்பரில் ரங்கூனில் பகதூர் ஷா ஸஃபரின் அடக்கத்தலத்தின் முன் போஸ் படையோடு நின்று மரியாதை செலுத்தினார். 1857இன் கடைசி முகலாயருக்கும் தம் போராட்டத்துக்குமான தொடர்பை அதன்வழி அவர் அறிவித்தார்.

இம்பால் போரில் உயிர்நீத்தோருக்காக அந்நினைவுத்தூணின் அடிக்கல்லை 1945 சூலை 8 அன்று போஸ் நாட்டினார். சிரில் ஸ்டிரேசி என்னும் படை அதிகாரியின் மேற்பார்வையில் சில வாரங்களிலேயே அது எழுந்தது.

இருப்புப்பாதையின் மறுபக்கம்

இவ்வளவோடு நிறுத்தினால் கட்டுரை இனிதாக முடியும். ஆயினும் உண்மையின் மறுபாதியை மறைத்தவனாவேன்.

1942இல் தொடங்கிச் சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் அமைத்த இருப்புப்பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் அதில் உழைத்தனர். அவர்களுள் 12,000 பேருக்கு மேல் மாண்டனர். அவர்களைப் பற்றி நூல்களும் திரைப்படங்களும் பல. ஆனால் அங்கே உழைத்தவர்களில் பெரும்பான்மையோர் ஆசியத் தொழிலாளர்கள். இரண்டு இலட்சம் பேரளவில் கொண்டுசெல்லப்பட்ட அவர்களுள் ஏறத்தாழ 90,000 பேர் இறந்தனர் என மதிப்பிடப்படுகிறது. மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து வலிந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் அவர்களுள் மிகுதி. காலரா, மலேரியா, பட்டினி, அடி உதை ஆகியவற்றால் அவர்கள் செத்து மடிந்தனர். போர்க்கைதிகளுக்குப் பெயரெழுதிய கல்லறைகள் உண்டு. இவர்களுக்குப் பெரும்பாலும் பெயர்ப் பட்டியலும் இல்லை.

இப்பாதையின் இரு முனைகளும் இணைந்தது 1943 அக்டோபர் நடுப்பகுதியில். அதே அக்டோபர் 21இல்தான் சிங்கப்பூரில் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. ஒருபுறம் தமிழர்கள் விடுதலைப் படையில் சேர்ந்து நிமிர்ந்து நடந்தனர். மறுபுறம் அவர்களுடைய உடன்பிறந்தோர், அப்படையின் தோழமை நாட்டாராலேயே காட்டில் வதைபட்டனர்.

இது எனக்கு ஏட்டுச் செய்தியன்று. என் பாட்டனாரின் இளவல் பிழைப்புக்காக மலேயா சென்று, அவ்விருப்புப்பாதையில் உழைத்து, போருக்குப் பின் எங்கள் ஊர் திரும்பியவர். நான் மத்ரஸாவில் ஓதிய நாள்களில் அவர் முதியவராக எங்கள் தெருவில் வாழ்ந்தார். அவர் வீட்டுச் சுவரில் இராணுவ உடையணிந்த நேதாஜியின் படம் ஒன்று தொங்கியது. ஜப்பானியரைப் பற்றி யாரேனும் பேச்செடுத்தாலோ அவர் திண்ணையை விட்டெழுந்து உள்ளே போய்விடுவார். சிறுவனாகிய நான் இம்முரண்பாட்டைப் பற்றி ஒருமுறை வினவினேன். "நம்மையும் மனுசனா மதிச்சுப் பேசுனவர் அவர், அத்தா. அடிச்சவன் வேற ஆளு" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்றை மட்டும் அவர் பலமுறை சொல்லி வருந்தியதுண்டு. தம்மோடு வேலை செய்து இறந்த நம்மவர்களுக்குக் கபன் துணி கிடைக்கவில்லை. காலரா கண்ட முகாம்களில் உடல்களை எரித்துவிடுவார்கள். ஜனாஸாத் தொழுகைக்கு நேரமும் அனுமதியும் கிடைத்ததில்லை என்பார். ஊர் திரும்பிய பின் அவர்களுக்காகத் தொழுவிக்கலாமா என்று எங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டிருக்கிறார். எங்கள் பகுதி இராவுத்தர்கள் ஹனஃபீ மத்ஹபைப் பின்பற்றுபவர்கள். அம்மத்ஹபில் உடல் முன்னில்லாமல் காயிப் ஜனாஸா தொழுவது கூடாது. ஷாஃபியீ மத்ஹபில் அதற்கு இடமுண்டு. இமாம் அவருக்காக யாஸீன் ஓதி துஆச் செய்தார். ஒவ்வோராண்டும் ஒருநாள் அவர் வீட்டில் அவ்வாறு ஓதப்பட்டதை நான் கண்டிருக்கிறேன். யாருக்காக ஓதுகிறோம் என்பது அன்று எங்களுக்கு விளங்கவில்லை.

அழிந்தவையும் எஞ்சியவையும்

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. பிரிட்டிஷ் படை சிங்கப்பூருக்குத் திரும்புமுன், நீர்த்தேக்கக் காட்டிலிருந்த கோயிலை ஜப்பானியர் தாமே அழித்தனர். பகைவர் கையில் அது இழிவுபடுதலாகாது என்பது அவர்கள் எண்ணம். செப்டம்பரில் பிரிட்டிஷ் படை வந்ததும், மவுண்ட்பேட்டனின் ஆணைப்படி எஸ்பிளனேடிலிருந்த இந்திய தேசிய இராணுவ நினைவுத்தூண் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அது நின்றது ஒருசில வாரங்களே. ஒன்றைக் கட்டியவர்களே அழித்தனர். மற்றொன்றைப் பகைவர் அழித்தனர். இரண்டும் சில வாரக் காலத்துக்குள் மறைந்தன.

ஆயினும் தகர்க்கப்பட்ட தூண் மக்கள் நினைவில் வாழ்ந்தது. 1945 நவம்பரில் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் என மூன்று சமயத்தவரான அதிகாரிகள் தில்லிச் செங்கோட்டையில் விசாரிக்கப்பட்டபோது நாடே கொந்தளித்தது. 1946 பிப்ரவரியில் கேப்டன் அப்துர் ரஷீதுக்கு விதிக்கப்பட்ட தண்டனையை எதிர்த்துக் கல்கத்தா வீதிகளில் முஸ்லிம் லீக்கினரும் காங்கிரசாரும் பொதுவுடைமையாளரும் சேர்ந்து நின்றனர். தூணில் பொறித்த இத்திஃபாக் என்னும் சொல் சில நாள்களேனும் அத்தெருக்களில் உயிர்பெற்றது. அடுத்த ஆண்டே நாடு பிளவுண்டது.

கோயிலைப் பற்றி என்ன எஞ்சியது? 2002இல் அவ்விடம் வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டது. காட்டுக்குள் சில கற்படிகளும் ஒரு பெரிய கருங்கல் தொட்டியும் இன்றும் உள்ளன. வழிபட வருவோர் கையையும் வாயையும் தூய்மை செய்துகொள்ளும் தொட்டி அது. நம் பள்ளிவாசல்களின் ஹவ்ளை நினைவூட்டுவது. ஃபிக்ஹு நூல்கள் பெரும்பாலும் தூய்மை பற்றிய பாடத்தோடு தொடங்குகின்றன. அப்பாடத்தை ஆண்டுதோறும் நடத்துபவன் என்ற முறையில் இச்செய்தி என்னைச் சிந்திக்க வைத்தது. தனக்கு மேலானதொன்றின் முன் தூயவனாக நிற்க வேண்டும் என்னும் நாட்டம் மனிதர் அனைவர்க்கும் பொதுவானது. எவருடைய வழிபாட்டிடத்தையும் இழிவுபடுத்தலாகாது என்பதும், பிறர் வணங்குபவற்றை ஏசுதல் கூடாது என்பதும் நம் மார்க்கத்தின் கட்டளைகள். ஆகவே ஷிண்டோ வழிபாடு அழிந்தது என்பதற்காக நாம் மகிழ வேண்டியதில்லை. ஜப்பானில் அம்மக்கள் தம் ஊர்க் கோயிலில் அமைதியாக வழிபடுவது வேறு. வென்ற நாட்டில் கைதிகளின் முதுகில் கோயிலெழுப்பி, தோற்றவர்களைக் குனியச் செய்தது வேறு. வழிபாட்டை அதிகாரத்தின் கருவியாக்கிய எந்தச் சமயத்தாரும் இந்த எச்சரிக்கைக்கு விலக்கானவர்களல்லர். முஸ்லிம் அரசர்களும் இதில் அடங்குவர்.

எஸ்பிளனேடு பூங்காவில் மற்றொரு நினைவுச் சின்னமும் உண்டு. ஜப்பானியருக்கு எதிராக மறைமுகப் போர் புரிந்து, 1944 சூன் 29இல் ஈப்போவை அடுத்த பத்து காஜாச் சிறையில் மாண்ட லிம் போ செங் என்னும் சீன வீரருக்கானது அது, 1954இல் திறக்கப்பட்டது. ஜப்பானியரால் கொல்லப்பட்டவருக்கு ஒரு சின்னம், அவர்களோடு தோழமை பூண்டு போரிட்டவர்களுக்கு ஒரு குறிப்புப் பலகை என இரண்டும் ஒரே பூங்காவில் சில நிமிட நடைத் தொலைவில் அமைந்துள்ளன. அண்மையிலேயே, கொல்லப்பட்ட பொதுமக்களுக்கான நினைவிடமும் உள்ளது. 1967 பிப்ரவரி 15 அன்று திறக்கப்பட்ட அதில், சீனர், மலாய்க்காரர், இந்தியர், ஏனையோர் என்னும் நான்கு பிரிவினரைக் குறிக்கும் நான்கு தூண்கள் ஒரே பீடத்திலிருந்து எழுகின்றன. ஒரு சமுதாயத்தின் வீரர் மற்றொரு சமுதாயத்தின் கண்ணில் பகைவரின் தோழராகத் தோன்றக்கூடும். இரு தரப்பு நினைவுக்கும் ஒரே பூங்காவில் இடமளித்திருப்பது பாராட்டுக்குரியது.

நம் கடமை

ஊர் திரும்பிய பின் ஒரு வினா என்னை விட்டகலவில்லை. சிங்கப்பூர் தன் காட்டுக்குள் மறைந்த அயல்நாட்டுக் கோயிலின் கற்படிகளைக்கூட வரலாற்றுத் தலமாகக் குறித்து வைத்திருக்கிறது. மலேயாவுக்கும் பர்மாவுக்கும் சென்று திரும்பாத நம்மவர்களுக்காக நாம் என்ன குறித்து வைத்திருக்கிறோம்? எங்கள் பள்ளத்தாக்கில் பென்னிகுவிக்கின் பெயர் நிலைத்திருக்கிறது. அது அவருக்குரிய நன்றி. அவருடைய அணையில் நோயாலும் வெள்ளத்தாலும் மடிந்த கூலிகளின் பெயர்கள் நிலைக்கவில்லை. சயாம் காட்டில் மடிந்தோரின் பெயர்களும் அவ்வாறே.

பல ஊர் ஜமாஅத்துகளில் பழைய நிகாஹ் பதிவேடுகள் உள்ளன. வீடுகளில் மலேயாவிலிருந்து வந்த கடிதங்களும், பணவிடைத் துண்டுகளும், ஒளிப்படங்களும் தகரப் பெட்டிகளில் கிடக்கின்றன. கணவன் திரும்பி வருவான் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்த பெண்களின் கதைகள் முதியோர் வாயில் இன்னும் எஞ்சியுள்ளன. காணாமற்போனவனின் மனைவியும் சொத்தும் பற்றி ஃபிக்ஹு நூல்களில் மஃப்கூத் என்னும் தனிப் பாடமே உண்டு. அச்சட்டத்தைக் கற்பிக்கும் நாம், அச்சட்டத்தின் நிழலில் வாழ்ந்த நம் பாட்டிமார்களைப் பற்றி ஒருவரியும் எழுதி வைக்கவில்லை. அரபுக் கல்லூரி மாணவர்கள் விடுமுறையில் ஊர் திரும்பும்போது, தத்தம் மஹல்லாவில் இவற்றைத் தொகுக்கும் பணியை மேற்கொள்ளலாம். ஹதீஸ் கலையில் அறிவிப்பாளரின் பெயர், ஊர், காலம் ஆகியவற்றை ஆய்ந்து பதிந்த முன்னோரின் வழிவந்த நமக்கு இது அயலான பணியன்று. இவ்வாண்டு என் வகுப்பு மாணவர்கள் சிலரிடம் இதனைத் தொடங்கி வைத்திருக்கிறேன். முதற் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில், என் பாட்டனாரின் இளவல் ஆண்டுதோறும் யாருக்காக ஓதச் செய்தாரோ அவர்களுள், குடும்பத்தாரால் நினைவுகூர முடிந்த நான்கு பெயர்களை நானே எழுதினேன். அவர்கள் அனைவரின் பிழைகளையும் அல்லாஹ் பொறுத்தருள்வானாக. ஆமீன்.